மேசையில் ஒன்று இருக்கும்போது கையில் எது?

டெஸ்க்டாப் வைத்திருக்கிறவர்கள் கூடவே இன்னொன்று, டேப்லெட்டோ லேப்டாப்போ, வாங்கலாமா என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "லேப்டாப் வாங்கிடுங்க, எல்லாமே அதுல செய்யலாம்." எனக்கு இடிப்பதே அந்த 'எல்லாமே'தான். எல்லாமே செய்கிற ஒன்றுதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே. 24 இன்ச் திரை, 32 ஜிபி ராம், விரல் பழகிப்போன கீபோர்டு என்று குறையில்லாமல் ஒன்று மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, அதையே திரையைச் சுருக்கி விலையை ஏற்றி இன்னொரு முறை வாங்குவானேன்? மேசையை விட்டு எழுந்த பிறகு நமக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டாமா?

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். சின்னப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துத் தருகிறேன். வீடு வேளச்சேரி, அச்சகம் திருவல்லிக்கேணி, பதிப்பாளர்கள் ஊர் முழுக்க. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி என்றால் நவம்பர், டிசம்பரில் எங்கள் ஆட்கள் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல இது நாள் முழுக்கக் கணினியில் தட்டிக்கொண்டே இருக்கிற வேலை கிடையாது. பக்கம் போடுவது ஒரு பங்கு என்றால், போட்டதை உட்கார்ந்து படித்து, ஒற்று விட்டதைப் பிடித்து, பக்கத்தின் தலையில் ஒற்றை வரி அநாதையாக நிற்பதைப் பார்த்து வட்டம் போடுவது இன்னொரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கும்கூட.

அந்தப் படிக்கிற வேலையை நான் மேசையில் செய்வதே இல்லை. ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, பறக்கும் ரயிலில் பெருங்குடி தாண்டுவதற்குள் இரண்டு பக்கம், அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) வரும்வரை காத்திருக்கும்போது பத்துப் பக்கம், ராத்திரி கட்டிலில் சாய்ந்துகொண்டு மீதி என்றுதான் வருஷக் கணக்காக ஓட்டியிருக்கிறேன். முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு மூன்று புரூஃப் என்றால் எத்தனைக் கட்டுக் காகிதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பேப்பர்காரர் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் மெதுவாகவே வண்டியைத் தள்ளுவார்.

ஆக, வெளியே போகும்போது எனக்கு வேண்டியது படிக்கவும் கிறுக்கவும் ஒரு இடம். தட்டச்சு கொஞ்சம்தான்.

இப்போது அளவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் முடிவைத் தீர்மானித்தது விலையோ வேகமோ இல்லை, ஒரு ஸ்கேல். தமிழில் நாவல், கட்டுரைத் தொகுப்பு என்று வருவதில் பெரும்பாலானவை டெமி அளவு. வெட்டிய பிறகு ஐந்தரை இன்ச் அகலம், எட்டரை இன்ச் உயரம். 11 இன்ச் டேப்லெட், அதுவும் 16க்கு 10 விகிதத் திரையாக இருந்தால், நிமிர்த்திப் பிடிக்கும்போது ஏறக்குறைய 5.8 இன்ச் அகலம், 9.3 இன்ச் உயரம் வருகிறது. அதாவது ஒரு டெமி பக்கம் நூறு சதவீத அளவில், ஓரம் வெட்டுப்படாமல், அச்சில் எப்படி வருமோ அதே அளவில் அதற்குள் உட்கார்ந்துவிடுகிறது. லேப்டாப் பக்கம் வாருங்கள். 15.6 இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை அளவு. 16க்கு 9 திரையில் உயரம் வெறும் 7.6 இன்ச்தான். மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக ஆறரை இன்ச் மிஞ்சினால் பெரிது. முழுப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமானால் சுருக்க வேண்டும், சுருக்கினால் எழுத்து எத்தனை பாயிண்ட் என்பதும் வரி இடைவெளி சரியாக இருக்கிறதா என்பதும் கண்ணுக்குப் பிடிபடாது. நூறு சதவீதத்தில் வைத்தால் பக்கத்தின் கால் பகுதி கீழே ஒளிந்துகொள்ளும். இருபதாயிரம் ரூபாய் டேப்லெட் என் வேலைக்கு அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பைவிடப் பெரிய திரை என்பது கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் அதுதான் நடக்கிறது.

ரிச்சி தெருவில் இதை விளக்க முயன்றேன். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்துபோனால் சிசிடிவி கேமரா, ஸ்பீக்கர், சார்ஜர் வயர் எல்லாம் தாண்டி கணினிக் கடைகள் வரும். ஒரு கடையில் தம்பி தெளிவாகவே சொன்னான்: "அக்கா, டேப் எடுத்தா ரெண்டு மாசம் பார்ப்பீங்க, அப்புறம் வீட்ல பசங்க யூட்யூப் பார்க்கத்தான். வொர்க்குக்கு லேப் எடுங்க." பையில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்துக் காட்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டின் மேல் வைத்துக் காட்டினேன். பார்த்தான். "நீங்க படிக்கிறதுக்கா கேக்கறீங்க?" என்றான். ஆமாம்ப்பா, அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, படிக்க டேப்லெட், வேலைக்கு லேப்டாப் என்று அவன் பிரித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலை செய்கிற இரண்டாவது கணினி வந்தால் அதனோடு வருகிற தலைவலியை யாரும் விலைச் சீட்டில் எழுதுவதில்லை. என் துறையில் அந்தத் தலைவலிக்குப் பெயர் எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடையும் டேஸ்16ஐயும் கணினித் தமிழுக்கான தரக் குறியீடுகளாக அறிவித்துவிட்டது. இருந்தாலும் இன்றைக்கும் எனக்கு வருகிற கோப்புகளில் அதற்கு முந்தைய எழுத்துருக்களான பாமினியும் வானவில்லும் பெயரே தெரியாத இன்னும் சிலதும் இருக்கின்றன, ஏனென்றால் பதிப்பாளரின் பழைய புத்தகங்கள் அப்படித்தான் தட்டச்சானவை, மறுபதிப்பு அதே கோப்பிலிருந்துதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், நாங்கள் பக்கம் போடுகிற மென்பொருளான இன்டிசைனில் பக்கம் முழுக்க இளஞ்சிவப்புப் பட்டை விழும். தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பை நிற்கும். எழுத்துரு இருந்தும் பதிப்பு வேறாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் ஒரு வரி ஒரு எழுத்து தள்ளிப்போய், ஒற்றைக்கொம்பு ஒரு வரியின் கடைசியில் நின்றுவிட, அதற்கு உரிய எழுத்து அடுத்த வரிக்கு ஓடியிருக்கும். அச்சாகி வந்த பிறகு வாசகர்தான் கண்டுபிடித்துச் சொல்வார்.

அதனால் இரண்டு கணினி என்றால் இரண்டிலும் ஒரே எழுத்துருக்கள், ஒரே பதிப்பு இன்டிசைன், ஒரே கோப்பு இருக்க வேண்டும். அடோபி சந்தா ஒன்றில் இரண்டு கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம், அது பிரச்சினை இல்லை. ஒன்றில் புதுப் பதிப்புக்கு மாறி, மற்றதில் மாறாமல் இருந்தால் புதியதில் சேமித்தது பழையதில் திறக்காது, பழையதும் படிக்கக்கூடிய ஐடிஎம்எல் கோப்பாக ஆக்கிக் கொண்டுவர வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரு பழைய தமிழ் மென்பொருளுக்கு யூஎஸ்பியில் செருகுகிற பூட்டு உண்டு. அந்தப் பூட்டு ஒன்றுதான், அதை இங்கே பிடுங்கி அங்கே செருகி... வேண்டாம் சாமி. எந்தக் கணினியில் இருப்பது கடைசித் திருத்தம் என்ற குழப்பம் இதற்கெல்லாம் மேல். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்" என்று ஒரே மேசையிலேயே மூன்று கோப்பு வைத்திருக்கிறவர்கள் நாங்கள்.

டேப்லெட்டில் இந்த வம்பே இல்லை. அதற்குப் போவது பிடிஎஃப். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்து போகிறது, பாமினியோ வேறு எதுவோ, திறக்கிற கருவியில் அது இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டாம். அங்கே யாராலும் எதையும் நகர்த்தவும் முடியாது. கிறுக்கலாம், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பெரிய நிம்மதி. மூலக்கோப்பு ஒரே இடத்தில், என் மேசையில் இருக்கிறது. வெளியே சுற்றுவது அதன் நகல் மட்டும்.

கிறுக்குவதற்கு நல்ல பேனா வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நூற்றைம்பது ரூபாய்க்கு ரப்பர் முனையோடு தொங்குகிறதே, அது விரலுக்குப் பதில் இன்னொரு விரல். அதை வைத்து 'ண்' என்று எழுதினால் கோலம் மாதிரி வரும். திரையோடு பேசுகிற பேனாவாக இருக்க வேண்டும். சாம்சங் டேப்லெட்டுகள் சிலவற்றோடு பெட்டியிலேயே எஸ் பென் வருகிறது, அதை எழுதுவதற்கு சார்ஜ் போடத் தேவையில்லை. ஐபேடுக்கு ஆப்பிள் பென்சில் தனியாக வாங்க வேண்டும், அந்த விலையைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. நான் எஸ் பென் உள்ளதை எடுத்தேன். பேனா திரையில் இருக்கும்போது உள்ளங்கை பட்டாலும் திரை கண்டுகொள்ளக் கூடாது, கடையில் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். ஏசி கடையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் வேளச்சேரியில் கரண்ட் இல்லாத மதியத்தில் வியர்த்த கை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் பக்கம் தானாகப் புரளும். அதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு, கைக்கு அடியில் ஒரு கர்சீஃப். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் எழுதும்போது வைத்துக்கொள்வார்களே, அதேதான்.

இன்னொரு விஷயம், பிடிஎஃப் செயலி. நாம் போட்ட குறிகளைத் தனிக் குறிப்பாகச் சேமிக்கிற செயலி வேண்டும். சிலது பக்கத்தோடு சேர்த்துப் படமாக்கிவிடும். அப்படி ஆனால் மேசைக்குத் திரும்பியதும், அங்கே பிடிஎஃப் திறக்கிற அக்ரோபாட்டில் குறிகள் வரிசையாக வராது, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் தேட வேண்டும். எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற புலவர் ஐயா ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சிவப்பு மையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அவரிடம் தயங்கித் தயங்கித்தான் டேப்லெட்டைக் கொடுத்தேன். பேனாவை வாங்கி 'இயற்க்கை' என்றிருந்ததில் க் மேல் ஒரு அடி போட்டார், சிவப்பில் வந்தது, "எழுத்து பெரிசாகுமா?" என்றார், இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பிரிண்ட் கேட்பதில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டியதைத் தள்ளிப்போடலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

லேப்டாப்புக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம்தான் என்னை நிஜமாகவே அசைத்தது: கரண்ட். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் டெஸ்க்டாப் அன்றைக்கு விறகுக்கட்டை. வீட்டில் வைக்கிற சின்ன யூபிஎஸ் என்பது சேமித்துவிட்டு மூடுவதற்கான அவகாசமே தவிர, வேலை பார்ப்பதற்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிபியூவை மேசைமேல் ஏற்றி, அதன்மேல் ரெயின்கோட்டைப் போர்த்தி, அண்ணன் வீட்டுக்கு நடந்தோம், இன்னும் முடியாத மூன்று புத்தகங்கள் தலைக்குள். லேப்டாப் இருந்திருந்தால் அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்து முடித்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். யோசித்துப் பார்த்தால், அண்ணன் வீட்டிலும் லேப்டாப் ஒன்று இருந்தது. எழுத்துருவும் கோப்பும் அதில் இல்லை. இரண்டையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு பையில் வைத்திருந்தால் எந்தக் கணினியிலும், அச்சகத்துக் கணினியிலும்கூட, வேலை நடந்திருக்கும். அதனால் டேப்லெட்டோடு சேர்த்து ஒரு டெரா அளவு வெளி டிஸ்க் ஒன்றும் வாங்கி, கிளம்பும் முன் நகல் எடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. வாரம் தவறாமல் என்று சொல்லமாட்டேன்.

வெளியே இருக்கும்போது மூலக்கோப்பில் சின்னதாக ஒன்று மாற்ற வேண்டி வந்தால்? வரும். அட்டை பிளேட்டுக்குப் போகிற நேரத்தில்தான் ஐஎஸ்பிஎன்னில் (புத்தகத்தின் அடையாள எண்) ஒரு எண் மாறியிருப்பது பதிப்பாளர் கண்ணில் படும். அதற்கு வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குகிற வழி இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பால் உள்ளே வர முடியாது, அதற்கு ப்ரோ வேண்டும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம், எந்தப் பதிப்பிலும் ஓடும். ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, டேப்லெட்டில் என் வீட்டு 24 இன்ச் திரையையே திறந்து, பேனாவை மவுஸாக வைத்துக்கொண்டு எண்ணை மாற்றி, பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிடலாம். நாற்பது பக்கம் திருத்துவதற்கு இது ஆகாது, ஊசியில் நூல் கோப்பது மாதிரி கண் பூத்துவிடும். ஒரு எண்ணுக்கு ஆகும். இதற்குக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நம் ஊரில் அது கரண்டைப் பொறுத்தது. கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். போடாவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு ஃபோன் செய்து "அந்தப் பெரிய பட்டனை அமுக்குங்க, அது இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று அச்சகத்தில் எல்லோரும் கேட்க வகுப்பெடுக்க நேரும்.

டேப்லெட்டுக்கு ஒரு ப்ளூடூத் கீபோர்டு மாட்டிவிட்டால் லேப்டாப் ஆகிவிடும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கடன் வாங்கி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். மேசைமேல் சரி, மடியில் வைத்தால் முட்டுக்கொடுத்த மூடி சரிந்து விழுகிறது, ரயிலில் கேட்கவே வேண்டாம். எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. தமிழ்த் தட்டச்சு இன்னொரு கதை. மேசையில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள் நான். டேப்லெட்டில் திரை விசைப்பலகை தமிழில் நன்றாகவே வருகிறது, ஆனால் வெளிக் கீபோர்டு மாட்டியதும் என் கருவியில் அது ஆங்கிலத்துக்கே ஓடிப்போனது. நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவர் நீங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே எழுதுகிறவர் என்றால் லேப்டாப்பை எடுங்கள், இதைப் பற்றி இரண்டாவது கருத்தே இல்லை. எக்செல், நிரல், வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர்களும் அப்படியே. திரை கழன்று வருகிற இரண்டும்கெட்டான் மாடல்கள் பற்றிக் கேட்காதீர்கள். நான் கையில் எடுத்துப் பார்த்தவை டேப்லெட்டாகப் பிடிக்கக் கனமாகவும் லேப்டாப்பாக அடிக்கச் சிரமமாகவும் இருந்தன, விலை மட்டும் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான். 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ விருப்பப்படி தரப்போவதாக அறிவித்தார்கள் அல்லவா, அப்போது அவன் வந்து "அத்தை, நீங்கதான் டேப் வாங்கியிருக்கீங்களே, நானும் டேப் கேட்கட்டுமா?" என்றான். கூடவே கூடாது என்றேன். அவனுக்கு வீட்டில் டெஸ்க்டாப் இல்லை, அவன் வாங்கப்போவது முதல் கணினி. சி ப்ரோகிராம் ஓட வேண்டும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வேண்டும், விடுதியில் மேசை என்று ஒன்று கிடைக்குமா என்றே தெரியாது. முதல் கருவி என்றால் லேப்டாப், மறுபேச்சில்லை. நான் பேசுவதெல்லாம் இரண்டாவது கருவியைப் பற்றி.

சிலருக்கு இரண்டாவதே வேண்டியிருக்காது. தோழி ஒருத்தி டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது, லேப்டாப் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. அவளுடைய ப்ராசஸர் எட்டாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 தாங்கும். ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டால் முடிந்தது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஏஐ தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் என்கிறார்கள், அதனால் இந்தச் செலவும் முன்புபோல அற்பமில்லை, இருந்தாலும் புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பகுதிதான். அவள் டேப்லெட்டும் வாங்கவில்லை, லேப்டாப்பும் வாங்கவில்லை. ராம் போட்டுவிட்டு மிச்சக் காசில் நல்ல நாற்காலி வாங்கினாள்.

டேப்லெட் என்று முடிவு செய்கிறவர்கள் கடைக்குப் போகும்போது நீங்கள் அடிக்கடி படிக்கிற புத்தகம் எதுவோ, வரைபடமோ, இசைக்குறிப்போ, அதன் பிடிஎஃப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் போய்க் காட்சிக் கருவியில் திறந்து பாருங்கள். கடைக்காரர் போடுகிற 4கே மலைக் காட்சியில் எல்லாத் திரையும் அழகுதான். யூஎஸ்பி-சி இருக்கிறதே என்று மானிட்டரை இணைக்கலாம் என நினைக்காதீர்கள், விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும்தான். எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்று பெட்டியில் இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும், பில் போடும் முன் அதையும் பார்த்துவிடுங்கள். பேனாவின் முனை தேயும், மாற்று முனை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஒரிஜினலா என்று கேட்டால், "எழுதும்க்கா" என்கிறார்கள்.